கஞ்சமலையும் கான்ஜியும்

ஜப்பானிய மொழியின் வாக்கியம் தமிழைப் போலவே வினையில் முடிகிறது. அதனால் இலக்கணம் நமக்குச் சீக்கிரமே வசப்படும். ஆனால் சேலம், நாமக்கல் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் எழுதும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் மலைக்க வைப்பது கான்ஜி எனப்படும் சீனவழி எழுத்துகள்தான். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு 2010இல் திருத்திய பட்டியலில் மட்டும் 2136 இருக்கின்றன.

கோடுகளாகப் பார்த்தால் இவை மனத்தில் நிற்காது. உறுப்புகளாகப் பிரித்தால் நிற்கும். எஃகைக் குறிக்கும் எழுத்தில் இடப்பக்கம் உலோகம், வலப்பக்கம் குன்று. சேலத்துக்காரருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? இரும்புத் தாது நிறைந்த கஞ்சமலையும் அருகிலேயே உருக்காலையும் கண்முன் நிற்கின்றனவே! மலைக்கு வலப்புறம் 'மேல்', 'கீழ்' என்ற இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் மலைப்பாதையின் உச்சி, 'தோகே' என்பார்கள். இது சீனாவிலிருந்து வராமல் ஜப்பானிலேயே பிறந்த எழுத்து. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கியவர் இதை மறக்க மாட்டார். முட்டைக்கான எழுத்தில் இரு பாதிகள், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி: இரட்டைக் கரு.

உறுப்புகளைக் கதையாகக் கோக்கும் இந்த முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்கரான ஜேம்ஸ் ஹைசிக். 1970களில் ஜப்பானில் தங்கிப் படித்த அவர், எழுத்துகளை உறுப்புகளின் வரிசையில் அடுக்கிப் புத்தகமாக்கினார். முதல் சில நூறு எழுத்துகளுக்கு மட்டுமே கதையை விரிவாகத் தருகிறார். பிறகு படிப்பவரே புனைய வேண்டும். அதுதான் சரி என்று நம்புகிறேன். அமெரிக்கரின் நினைவில் ஒட்டும் காட்சி நம் நினைவில் ஒட்டாது.

கதையின் தேவை, ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துகளிடம்தான் முழுதாகத் தெரியும். எஃகிலுள்ள உலோகத்தை எடுத்துவிட்டு நூலை வைத்தால் வடக்கயிறு. மலையடிவாரத்துத் தறிவீட்டில் நூல் முறுக்கிக் கயிறு திரிப்பதாக நினைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது.

ஆனால் கதை பொருளைத்தான் தரும், உச்சரிப்பைத் தராது. உண்மையில் அந்தக் குன்று சேர்க்கப்பட்டதே ஒலிக்காகத்தான். எஃகு, வடக்கயிறு இரண்டுக்கும் சீனவழி வாசிப்பு 'கோ'. கஞ்சமலைக் கதை எழுத்தின் வரலாறு அல்ல, நாம் கட்டிய ஏணி. கான்ஜிகளில் மிகப் பல இப்படி ஒரு பக்கம் பொருளும் மறுபக்கம் ஒலியுமாக அமைந்தவை. எனவே கதையோடு நிறுத்தாமல், ஒரே வலப்பக்கம் கொண்டவற்றைச் சேர்த்து எழுதி, வாய்விட்டு வாசித்துப் பழக வேண்டும்.