நாற்பத்தைந்து ஆண்டு நாடு கடந்த வாழ்வு: மரியா சம்பிரானோ

ஸ்பெயின் நாட்டின் மெய்யியல் எழுத்தாளர் மரியா சம்பிரானோ 1904-இல் தென்பகுதி ஊரான வேலஸ் மாலகாவில் பிறந்தார். பெற்றோர் இருவரும் பள்ளி ஆசிரியர்கள். மாட்ரிட் பல்கலைக்கழகத்தில் ஒர்தேகா இ காசெத்திடம் மெய்யியல் பயின்ற அவர், குடியரசு ஆட்சியை உறுதியாக ஆதரித்தார். உள்நாட்டுப் போரில் குடியரசு வீழும் தறுவாயில், 1939 ஜனவரியில், அகதிகள் கூட்டத்தோடு பிரான்ஸ் எல்லையைக் கடந்தார். திரும்பி வர 45 ஆண்டுகள் ஆயின.

மெக்சிகோ, கியூபா, புவேர்த்தோ ரிக்கோ என்று இடம் மாறிக்கொண்டே பாடம் நடத்தினார், எழுதினார். இதற்கிடையே பாரிஸில் இருந்த தங்கை அரசெலி நாஜிகளிடம் சிக்கிப் பெருந்துன்பம் அடைந்திருந்தார். 1946-இல் சம்பிரானோ அங்கே சென்று சேர்வதற்குள் தாயும் இறந்துவிட்டார். அதன் பிறகு சகோதரிகள் பிரியவில்லை. ரோமில் வறுமையோடும் நிறையப் பூனைகளோடும் வாழ்ந்தார்கள். பிறகு பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் ஒரு சிற்றூரில் குடியேறினார்கள். 1972-இல் தங்கையும் மறைந்தார்.

தர்க்கம் மட்டும் மனித வாழ்வை அளந்துவிடாது என்பது அவர் கருத்து. கவிதையின் உள்ளுணர்வையும் சேர்த்துக்கொண்ட சிந்தனையை அவர் ‘கவித்துவ அறிவு’ என்றார். ‘மெய்யியலும் கவிதையும்’ (1939) தொடங்கி ‘காட்டின் வெளிகள்’ (1977) வரை இந்த எண்ணமே வளர்கிறது. பின்னதே அவரது எழுத்தின் உச்சம்.

தாய்நாட்டின் அங்கீகாரம் மிகத் தாமதமாகவே வந்தது. 1984-இல் மாட்ரிட் திரும்பிய அவருக்கு 1988-இல் செர்வான்டஸ் விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவரே. 1991-இல் மறைந்த அவர், பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.