இரண்டு நிமிடத்துக்காக ஓடும் ஓட்டம்

காலை ஏழு மணிக்குப் பிறகு செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் கரடியனாறு பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் வீதியில் யார் யார் இருப்பார்கள் என்று. கிரவல் ஏற்றிய டிப்பர், பெட்டி பூட்டிய உழவு இயந்திரம், நடுவீதியில் அசைபோட்டபடி நிற்கும் மாடுகள், சைக்கிளில் பாடசாலை போகும் பிள்ளைகள். இவர்களுக்கு நடுவே, வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுமுன் கையொப்பம் வைக்க ஓடும் ஆசிரியர்கள். நானும் அவர்களில் ஒருவன்.

சென்ற தவணையில் ஒருநாள் உழவு இயந்திரமொன்றின் பின்னால் மாட்டிக்கொண்டேன். ஹோர்ன் அடித்தேன். அவர் ஒதுங்கவில்லை, வேகத்தை இன்னும் குறைத்தார். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்து எரிச்சலோடு முந்தினேன். அவர் வேகத்தைக் குறைத்தது, முன்னால் ஒரு மாணவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்ததால். பிரேக் பிடித்து நின்றபோது எனக்கும் அவனுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. "வணக்கம் சேர்" என்றான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்று பின்னேரம் கணக்குப் பார்த்தேன். பத்துக் கிலோமீற்றரை மணிக்கு 60 இல் ஓடினால் 10 நிமிடம். 75 இல் ஓடினால் 8 நிமிடம். மிச்சம் இரண்டே நிமிடம். அதையும் அடுத்த மாட்டுப் பட்டி எடுத்துக்கொள்ளும். ஆனால் 60 இல் போகும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் போய்விடுகிறது. கண் கண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்கே அந்த ஒரு விநாடி போதாமல் போகலாம். கோபத்தில் இருப்பவனுக்கு இன்னும் அதிகம் பிடிக்கும். அவன் வீதியைப் பார்க்கவில்லை, முன்னால் போகிறவனின் முதுகைப் பார்க்கிறான்.

முன்பு இந்த வீதியில் நினைத்தாலும் வேகமாக ஓட முடியாது. வீதி வேலைக்கென்று கரடியனாறு பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்த வெடிபொருட்கள் 2010 செப்டம்பர் 17 இல் வெடித்து இருபதுக்கும் அதிகமானோர் உயிரிழந்ததை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. அத்தனை விலை கொடுத்த வீதி இது.

வாகன நெரிசலை நபி (ஸல்) அவர்களும் கண்டிருக்கிறார்கள். ஹிஜ்ரி 10 இல், இறுதி ஹஜ்ஜின்போது, அரபாவிலிருந்து முஸ்தலிபாவுக்குப் பெருங்கூட்டம் ஒரே நேரத்தில் திரும்பியது. பின்னால் ஒட்டகங்களை அதட்டி விரட்டும் சத்தம் கேட்டதும், அமைதியாக வருமாறும் விரட்டி ஓட்டுவதில் நன்மை இல்லை என்றும் சொன்னார்கள். தமது ஒட்டகத்தின் கடிவாளத்தையும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். அதே பயணத்தில் பின்னால் அமர்ந்திருந்த உஸாமா (ரழி) இன்னொன்றையும் அறிவிக்கிறார்: நிதானமாகப் போனார்கள், இடைவெளி கிடைத்தபோது வேகம் கூட்டினார்கள். ஆக, மெதுவாக ஊர்வதல்ல நிதானம். இடம் பார்த்து ஓடுவது.

இகாமத் கேட்டால்கூட ஓடி வராமல் அமைதியாக நடந்து வரச் சொன்ன மார்க்கம் இது. ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் நம் ஊர் வீதிகளைப் பாருங்கள்! கோபம் வந்தால் உட்காரச் சொல்லும் ஹதீஸ் இருக்கிறது. நாமோ உட்கார்ந்துகொண்டே கோபப்படுகிறோம்.

இப்போது வீட்டிலிருந்து பத்து நிமிடம் முந்தியே புறப்படுகிறேன். உழவு இயந்திரம் மெதுவானால், அதற்கு முன்னால் யாரோ நிற்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒருநாள் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயும் கையொப்பம் வைத்தாயிற்று. அந்த மாணவன் இன்னும் அதே இடத்தில்தான் வீதியைக் கடக்கிறான்.