இயந்திரம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளுமா?

கைத்தொலைபேசியிடம் தமிழிலேயே வினவி விடை பெறும் காலம் இது. இத்தகைய இயந்திரம், மனிதர் உதவியின்றித் தானாகவே மேலும் அறிவு பெற இயலுமா? கிள்ளான் வட்டாரத் தோட்டமாயினும் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவாயினும், நாளை நம் பிள்ளைகளின் வேலை என்னவாகும் என்ற கவலையும் இக்கேள்வியுள் அடங்கியுள்ளது.

சீனர் கறுப்பு, வெள்ளைக் கற்களைக் கொண்டு ஆடும் ‘கோ’ ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2016 மார்ச்சில் லண்டன் டீப்மைண்ட் நிறுவனத்தின் கணினி, கொரிய வீரர் லீ சேடோலை 4-1 என வென்றது. மனிதர் ஆடிய ஆட்டங்களைக் கண்டு பயின்ற கணினி அது. மறு ஆண்டு வெளிவந்த ‘ஆல்பாகோ ஜீரோ’வுக்கோ ஆட்ட விதிகள் மட்டுமே தரப்பட்டன. அது மூன்று நாளில் தன்னோடு தானே ஏறத்தாழ 49 இலட்சம் ஆட்டங்கள் ஆடிப் பழகி, லீயை வென்ற கணினியை 100-0 எனத் தோற்கடித்தது.

ஆகவே, இயலும் என்பதே விடை. எனினும் அவ்வாட்டத்தில் வென்றவர் யார் என்பதை எண்ணியே சொல்லிவிடலாம். அந்த வசதி எல்லாவற்றிலும் கிடைப்பதில்லை.

நம் தொழிலிலேயே இதற்குச் சான்று உண்டு. 1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ஒட்டுமரம் ஜீர் 1, பி.பி. 86 என்ற இரண்டு இனங்களின் சேர்க்கையில் பிறந்தது. பல கன்றுகளுள் நல்லதைத் தேர்ந்தெடுக்க, மரந்தோறும் பால் நிறுத்துப் பார்க்க வேண்டும். தராசு இல்லையேல் தேர்வும் இல்லை. இயந்திரத்தின் நிலையும் அதுவே.

தராசு இல்லாதபோது நேர்வதை 2024-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. தான் எழுதியதையே தலைமுறை தலைமுறையாகப் படித்துப் பழகிய கணினி, முதலில் அரிய செய்திகளை மறந்து, பின்னர் பிதற்றத் தொடங்கியது. மாறாக, 2025-இல் கூகுளின் ‘ஆல்பாஎவால்வ்’, தன்னை இயக்கும் ஜெமினியைப் பயிற்றும் நேரத்தை நூற்றுக்கு ஒரு பங்கு குறைக்க வழி கண்டது. வேகத்தை அளப்பது எளிதன்றோ! அங்கும் அளவுகோலை வகுத்தவர் மனிதரே.

பால் வெட்டும் இயந்திரம் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டுமாயின், கத்தி ஆழமாய்ப் பட்டதா என்பதை அது அறிய வேண்டும். கிண்ணத்துப் பாலை அன்றே அளந்துவிடலாம். ஆனால் மரத்தில் பட்ட காயத்தின் முழு நட்டம், புதுப்பட்டை வளர்ந்து மீண்டும் வெட்டுக்கு வரும்போதுதான் தெரியும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மூன்று நாளில் 49 இலட்சம் ஆட்டங்கள் ஆடலாம். மூன்று நாளில் பட்டை வளராது.