ஒரே வீட்டுக்கு எத்தனை டிஷ்?

காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியிலோ நிரவியிலோ ஏதாவதொரு மொட்டைமாடியில் ஏறிப் பாருங்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று டிஷ் நிற்கும். ஒன்று சந்தா கட்டாமல் விட்டது, ஒன்று ஓடிக்கொண்டிருப்பது, இன்னொன்று தூர்தர்ஷனின் இலவச டிஷ். பழையதைக் கழற்ற யாருக்கும் மனம் வராது. கொடி கட்டித் துணி காயப்போடவாவது ஆகிறதே! இவற்றில் பாதி தேவையே இல்லை.

தூரத்து அலைக்கு ஏங்குவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1982இல் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியபின் நாகை, காரைக்கால் பக்கம் உயரமான குழாயில் ஆண்டெனாவைக் கட்டித் தெற்கே திருப்பி வைத்தார்கள். இன்று டிஷ் பார்ப்பது தென்கிழக்கே. டிடி ஃப்ரீ டிஷ்ஷும் சன் டைரக்டும் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்துதான் வருகின்றன. இரண்டுக்கும் ஒரே டிஷ் போதும். ஆனால் ஒரு வயரைப் பிரித்து இரண்டு பாக்ஸுக்குக் கொடுத்தால் சண்டைதான். பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால், டிஷ்ஷின் முன்னால் அலையை வாங்கும் எல்என்பி செங்குத்து அலையை எடுக்கும், 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்ட அலையை. இரண்டு பாக்ஸும் ஒரே நேரத்தில் வெவ்வேறு கட்டளை போட்டால் அது யார் பேச்சைக் கேட்கும்? இரண்டு முனை உள்ள எல்என்பி வாங்கினால் தீர்ந்தது.

2010 ஜூலை 7ஆம் தேதி, இரண்டும் ஒரே செயற்கைக்கோளிலிருந்து வரும் இந்த ஒற்றுமை ஒருமுறை குலைந்தது. அப்போது இரண்டு சேவைக்கும் பொதுவாக இருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகடு ஒன்றில் கோளாறு. அலையைத் திருப்பி அனுப்பும் 24 டிரான்ஸ்பாண்டர்களில் 12ஐ நிறுத்த வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் 91.5 டிகிரியில் இருந்த மலேசியாவின் மீசாட்-3க்கு மாறியது. வித்தியாசம் இரண்டே டிகிரிதான். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் அது எல்என்பிக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்ச இடைவெளி. எல்என்பியின் வாயே அதைவிட அகலம். பக்கத்தில் இன்னொன்றை வைக்க வழியில்லை. இரண்டும் வேண்டுமென்றவர்களுக்கு இரண்டாவது டிஷ்தான் கதி.

 

செயற்கைக்கோள்கள் சற்று விலகி இருந்தால் கதை வேறு. டாடா பிளே 83 டிகிரியில் இருக்கிறது. 93.5க்குத் திருப்பிய டிஷ்ஷிலேயே அதற்கும் ஒரு எல்என்பி மாட்டலாம். கண்ணாடியில் இடம் வலம் மாறுவதுபோல இங்கும் எல்லாம் தலைகீழ்: வானத்தில் மேற்கே, உயரத்தில் இருக்கும் 83க்கான எல்என்பி, நடு எல்என்பிக்குக் கிழக்கே, சற்றுக் கீழே உட்கார வேண்டும். இடைவெளி ஏழு சென்டிமீட்டரை ஒட்டி வரும்.

பலர் கோட்டை விடுவது எல்என்பியைத் திருகி வைக்கும் கோணத்தில். காரைக்கால் நிலநடுக்கோட்டுக்கு 11 டிகிரி வடக்கேதான் இருக்கிறது. அதனால் இந்தச் சாய்வு இங்கே செயற்கைக்கோளுக்குச் செயற்கைக்கோள் பெரிதாக மாறும். 93.5க்கு ஏறக்குறைய 50 டிகிரி திருக வேண்டும். 83க்கு 16 போதும். இரண்டையும் ஒரே சாய்வில் முறுக்கி விட்டுவிட்டு 'சிக்னல் வரலை' என்று புலம்பிப் பயனில்லை. டில்லியில் எடுத்த வீடியோவைப் பார்த்துப் பொருத்துகிறவர்களுக்கும் இதே கதிதான்.

இரண்டு எல்என்பியையும் ஒரே பாக்ஸில் பார்க்க டைசெக் சுவிட்ச் உண்டு. எந்த எல்என்பி வேண்டும் என்ற கட்டளை அதே வயரிலேயே போகும். ஆனால் சந்தா பாக்ஸ்கள் பொதுவாகத் தங்கள் சேவையைத் தவிர வேறெதையும் காட்டா. சுவிட்சின் பலன் இலவசச் சேனல் பார்க்கும் பாக்ஸுக்குத்தான்.

ஓரத்து எல்என்பிக்கு எப்போதும் கொஞ்சம் பலவீனம். ஐப்பசி, கார்த்திகை மழையில் முதலில் படம் உறைவது அதில்தான். அதனால் வீட்டில் அதிகம் பார்ப்பதை நடுவில் வையுங்கள். முடிந்தால் 90 சென்டிமீட்டர் டிஷ் போடுங்கள். கடற்காற்றில் சாதாரண போல்ட் சீக்கிரம் துருப்பிடித்துவிடும், துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள். வயர் முனையில் டேப் சுற்றி, பாக்ஸில் சிக்னல் குவாலிட்டியைப் பார்த்துப் பார்த்து மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துங்கள். சந்தா கம்பெனி ஆள் இதையெல்லாம் செய்து தரமாட்டார். ஊர் மெக்கானிக்கைத்தான் பிடிக்க வேண்டும், அதுவும் மழைக்கு முன்னால்.