தண்ணியில்லாக் காடு

மேலதிகாரியை முறைத்துக்கொண்ட அரசு ஊழியருக்கு என்ன நடக்கும் என்பது ஊரறிந்தது: தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல். இந்த மாதிரி ஊரை அமெரிக்கர்கள் 'ஒற்றைக் குதிரை ஊர்' என்பார்கள். மொத்த ஊருக்கும் வண்டி இழுக்க ஒரே குதிரைதான் என்ற நக்கல்.

நான் தூத்துக்குடியில் வேலை பார்த்தபோது, கூட இருந்தவர்கள் ஓட்டப்பிடாரம் பக்கத்தைத்தான் தண்ணியில்லாக் காடு என்பார்கள். அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் பாஞ்சாலங்குறிச்சி. வானம் பார்த்த கரிசல்; பருத்தி, உளுந்து, மக்காச்சோளம்; விட்ட இடமெல்லாம் சீமைக்கருவேலம். அவர்கள் சொன்னதில் என்ன தப்பு என்றுதான் தோன்றும்.

ஆனால் பாஞ்சாலங்குறிச்சியை ஒன்றுமில்லாமல் ஆக்கியது வறட்சி அல்ல, உத்தரவு.

1799 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேன் படையோடு வந்தார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள், அவருடைய கோட்டையையும் இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்ததும், ஜனங்கள் சில நாளிலேயே கோட்டையை மறுபடி எழுப்பிவிட்டார்கள். அந்தச் சண்டையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி அளவு எழுதி வைத்திருக்கிறார்: நீளம் சுமார் 500 அடி, அகலம் 300, சுவர் உயரம் 12. முழுக்க மண். இவ்வளவுதானா என்று நினைக்கக் கூடாது. பீரங்கிக் குண்டு பட்டால் கல் சிதறும், மண் விழுங்கிக்கொள்ளும். மார்ச் 31இல் பாய்ந்த படை தோற்றுத் திரும்பியது. கர்னல் அக்னியூ கூடுதல் படையோடு வந்து, மே 24இல்தான் கோட்டை விழுந்தது.

அப்புறம்தான் அந்த உத்தரவு. கோட்டையைத் தரைமட்டமாக்கி, மாவட்டக் கணக்குகளிலிருந்து ஊரின் பெயரையே அடித்துவிட்டார்கள். உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். எழுதியதை அழித்தார்கள், சரி. கும்மிப்பாட்டையும் கதைப்பாடலையும் என்ன செய்ய முடியும்? 1959இல் சிவாஜி கட்டபொம்மனாக நடித்த படம் வந்தபிறகு, தமிழ் பேசும் வீட்டில் இந்த ஊர்ப் பெயர் தெரியாத பிள்ளை கிடையாது.

இன்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் கோட்டை 1974இல் அரசு கட்டியது. பழைய கோட்டையின் அடித்தளம் பக்கத்திலேயே இருக்கிறது. பலரும் எட்டிப் பார்ப்பதில்லை. போகிறவர்கள் அதைப் பாருங்கள். இந்த ஊரைப் பிடிக்க வந்து செத்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகளும் அந்தப் பக்கம்தான்.