ஆன் செய்தால் அரை மணி நேரம்... பழைய லேப்டாப் காலையில் ஏன் திணறுகிறது?

லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்திவிட்டு அடுப்பில் பாலை வைக்கிறார்கள். பால் பொங்கி, காபி கலந்து, டம்ளரும் காலியாகிவிடுகிறது. திரையில் வட்டம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒருவழியாக டெஸ்க்டாப் வந்து பிரவுசரை க்ளிக் செய்தால், எந்த அசைவும் இல்லை. பொறுமை இழந்து இன்னும் நாலு முறை க்ளிக் செய்கிறார்கள். பத்து நிமிடம் கழித்து ஐந்து பிரவுசரும் ஒரே நேரத்தில் திறந்து, மொத்தமாக உறைந்து நிற்கிறது.

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே இருக்கும் உப்பிலியபுரம் போன்ற ஊர்களில் இது சின்ன எரிச்சலோடு முடிகிற விஷயம் இல்லை. அரசுத் தேர்வு விண்ணப்பத்துக்கோ, கல்லூரிச் சேர்க்கைக்கோ கடைசி நாள் என்றால், லேப்டாப் கைவிட்டதும் பிரவுசிங் சென்டருக்குத்தான் ஓட வேண்டும். பழுது பார்க்கவோ, துறையூருக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே முடியாவிட்டால் திருச்சி. ஒரு நாள் வேலையும் கூலியும் போச்சு. கடைசியில் 'இது பழசுங்க, புதுசு வாங்கிடுங்க' என்ற பதில் வந்தால், பல ஆயிரம் ரூபாய்ச் செலவு தலையில் விழும்.

உண்மையில் பல வீடுகளில் அந்தச் செலவுக்குத் தேவையே இல்லை. லேப்டாப் எங்கே திணறுகிறது என்று தெரிந்துகொண்டால், பாதிப் பிரச்னையை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

அக்கா வாங்கியது, தம்பி கையில்!

தமிழ்நாட்டு கிராமங்களுக்குள் லேப்டாப் பெருமளவில் நுழைந்தது 2011-ல். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து தர, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் லட்சக்கணக்கில் லேப்டாப் பெற்றார்கள். ஆரம்ப ஆண்டுகளில் கொடுத்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க் இருந்தன. விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது.

அன்று பிளஸ் டூ படித்த அக்காவுக்குக் கிடைத்த லேப்டாப்பில் தம்பி புராஜெக்ட் செய்தான். இன்று அக்காவின் குழந்தை ரைம்ஸ் பார்க்கிறது. இடையில் அதே பெட்டிக்குள் புதுப்புது மென்பொருள்களும், கூடுதல் எடையுள்ள பிரவுசர்களும், ஏதேதோ 'க்ளீனர்'களும் வந்து குடியேறிவிட்டன. 2 ஜிபி ரேம் மட்டும் அப்படியே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பழைய லேப்டாப்களின் கதையும் இதேதான்.

டெஸ்க்டாப் வந்துவிட்டால் வேலை முடிந்ததா?

இல்லை. நாம் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழையும்போது விண்டோஸின் வேலை பாதிதான் முடிந்திருக்கும். வைரஸ் தடுப்பு விழித்துக்கொள்ளும். அப்டேட் வந்திருக்கிறதா என்று ஒரு சேவை தேடும். ஃபைல்களைப் பட்டியலிடும் வேலை தொடங்கும். வீடியோ மீட்டிங் ஆப், பிரின்டர் மென்பொருள், க்ளவுட் சேமிப்பு, என்றோ ஒருநாள் போட்ட கேம் என்று 'ஆன் செய்ததும் நானும் வருவேன்' எனப் பதிவு செய்துவைத்த எல்லாமே வரிசைகட்டும்.

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடை திறந்த நிமிடமே ஊரே திரண்டு வந்து நிற்கிறது. உள்ளே எடை போட ஒரே ஆள். பழைய ஹார்டு டிஸ்க் அந்த ஒற்றை ஆள்தான். அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுற்றுகிறது. அதன் மேல் ஒரு கை நகர்ந்து நகர்ந்து தகவலைப் படிக்க வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களை விநாடிக்குச் சுமார் நூறு முறை எடுத்தாலே அதற்குப் பெரிய காரியம். சுற்றும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி.யோ, இதே வேலையை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் செய்துவிடும். ஆன் செய்த முதல் சில நிமிடங்களில் மட்டும் லேப்டாப் திணறி, பிறகு சுமாராக ஓடுவதற்கு இந்தக் கூட்ட நெரிசல்தான் பெரும்பாலும் காரணம்.

நாம் பொறுமையில்லாமல் செய்யும் ஒவ்வொரு கூடுதல் க்ளிக்கும் வரிசையில் இன்னொரு ஆளைச் சேர்க்கிறது. அதனால், டெஸ்க்டாப் வந்ததும் கொஞ்ச நேரம் கை வைக்காமல் இருப்பதே முதல் வைத்தியம்.

முதலில் நேரம் பாருங்கள்

மருந்துக்கு முன் நோய் தெரிய வேண்டும். போனில் ஸ்டாப் வாட்ச்சை ஓடவிட்டு இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தியதிலிருந்து பாஸ்வேர்டு கேட்கும்வரை எவ்வளவு நேரம்? அதற்குப் பிறகு பிரவுசர் ஒழுங்காகத் திறக்கும்வரை எவ்வளவு நேரம்?

முதல் பகுதியே இழுத்தடித்தால், டிஸ்க், டிரைவர் அல்லது விண்டோஸிலேயே கோளாறு இருக்கலாம். இரண்டாம் பகுதி மட்டும் இழுத்து, சில நிமிடங்களில் சரியாகிவிட்டால், தானாக வந்து நிற்கும் ஆப்களின் கூட்டம்தான் காரணம். எவ்வளவு நேரமானாலும் சரியாகவில்லை என்றால், ரேம் பற்றாக்குறை, சூடு, டிஸ்க் பழுது, வைரஸ் என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சி.பி.யூ, மெமரி, டிஸ்க் மூன்றில் எது உச்சத்தில் நிற்கிறது என்று பாருங்கள். டிஸ்க் 100 சதவிகிதம் என்று காட்டினால் பலர் பயந்துபோய்ப் போட்டோக்களை அழிக்கத் தொடங்குகிறார்கள். அந்த எண் 'இடம் நிரம்பிவிட்டது' என்று சொல்லவில்லை. 'டிஸ்க்குக்கு மூச்சுவிட நேரமில்லை' என்றுதான் சொல்கிறது. சி டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அது சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தால் மட்டும் பழைய சினிமாக்களுக்கு விடை கொடுங்கள்.

காசு செலவில்லாத வைத்தியம்

கூட்டத்தைக் குறையுங்கள்: விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' பகுதி இருக்கிறது. ஒவ்வோர் ஆப்பும் எவ்வளவு சுமை தருகிறது என்று அதில் எழுதியிருக்கும். 'ஹை' என்றால், அந்த ஆப் தொடங்கும்போதே ஒரு விநாடிக்கு மேல் சி.பி.யூ நேரத்தையோ, 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையையோ எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். தேவையில்லாததை 'டிசேபிள்' செய்யுங்கள். ஆப் அழியாது; நீங்கள் கூப்பிட்டால் மட்டும் வரும். வைரஸ் தடுப்பு, டச்பேடு, ஆடியோ, கிராபிக்ஸ் பெயர்களை மட்டும் தொடாதீர்கள். விண்டோஸ் 7 என்றால், ஸ்டார்ட் மெனுவில் 'எம்.எஸ்.கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் இதே பட்டியல் வரும்.

காவலுக்கு ஒருவர் போதும்: இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இருந்தால், திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் இரண்டுமே சோதிக்கும். ஒன்றை நீக்கிவிடுங்கள். விண்டோஸ் 10, 11-ல் உள்ளேயே இருக்கும் டிஃபெண்டர் சாதாரண வீட்டு உபயோகத்துக்குப் போதுமானது.

ரீஸ்டார்ட் செய்யுங்கள்: விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்தவற்றில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் முழுமையாக அணைவதில்லை. விண்டோஸின் மையப்பகுதி இருந்த நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்து, மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். நேற்றைய சிக்கலும் கூடவே வரலாம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறையாவது இதைச் செய்வது நல்லது.

சார்ஜரைப் போடுங்கள், காற்றை விடுங்கள்: பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் மின்சாரத்தைச் சேமிக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தை மேல் வைத்தால் காற்று போகும் வழி அடைபட்டு, சூடேறி, அப்போதும் வேகம் குறையும். சில வருடங்களாக உள்ளே சேர்ந்த தூசியை ஒருமுறை சுத்தம் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

கரன்ட் போனால் கவனம்: பேட்டரி செத்துப்போய், சார்ஜரில் மட்டும் ஓடும் லேப்டாப் கரன்ட் போனதும் பட்டென்று அணைந்துவிடும். அடுத்தமுறை ஆன் செய்யும்போது, டிஸ்க்கில் ஏதாவது சிதைந்திருக்கிறதா என்று விண்டோஸ் சோதிக்கலாம். அந்த நேரத்தில் 'ஹேங் ஆகிடுச்சு' என்று மறுபடி அணைத்தால் கோளாறு பெரிதாகும். சோதனை முடியட்டும்.

இரண்டு மாதம் தூங்கிய லேப்டாப்

கிராமத்து வீடுகளில் இன்னொரு வழக்கம் உண்டு. லேப்டாப் பீரோவுக்குள்ளேயே இருக்கும். விண்ணப்பம் போட வேண்டிய அன்றுதான் வெளியே வரும். போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்த உடனே, இரண்டு மாதமாகக் காத்திருந்த விண்டோஸ் அப்டேட், வைரஸ் பட்டியல், பிரவுசர் அப்டேட் எல்லாம் ஒன்றாகப் பாயும். டிஸ்க்கும் திணறும், அன்றைய டேட்டாவும் கரையும். 'முக்கியமான நேரத்துலதான் மக்கர் பண்ணுது' என்று திட்டு வாங்குவது லேப்டாப்.

இதற்குத் தீர்வு எளிது. விண்ணப்பத்துக்கு ஓரிரு நாள் முன்பே லேப்டாப்பை எடுத்து, சார்ஜரில் போட்டு, இன்டர்நெட் கொடுத்து, ஒன்றிரண்டு மணி நேரம் அதன்போக்கில் விட்டுவிடுங்கள். பிறகு ஒரு ரீஸ்டார்ட். போட்டோ, கையெழுத்து ஃபைல்களையும் அப்போதே தயாராக வைத்துக்கொண்டால், கடைசி நாள் பதற்றம் இருக்காது.

இந்தச் சத்தம் கேட்டால் உஷார்!

நேற்றுவரை சுமாராக ஓடிய லேப்டாப் திடீரென ஆமையாகிவிட்டதா? உள்ளிருந்து 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் கேட்கிறதா? ஃபைல்களைத் திறந்தால் எரர் வருகிறதா? அப்படியானால் ஹார்டு டிஸ்க் சாகும் நிலையில் இருக்கலாம். இப்போது வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். திருமணப் படங்கள், மறைந்த தாத்தாவின் வீடியோ, சான்றிதழ் ஸ்கேன்கள் என்று போனால் திரும்பாத எல்லாவற்றையும் முதலில் வேறொரு டிஸ்க்குக்கோ பென் டிரைவுக்கோ மாற்றுங்கள். அதன்பிறகு 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நலத்தைப் பாருங்கள். 'குட்' என்று இல்லாமல் 'காஷன்' அல்லது 'பேட்' என்று வந்தால், டிஸ்க்கை மாற்றியாக வேண்டும்.

எதற்குச் செலவு செய்யலாம்?

பழைய லேப்டாப்பில் போடும் பணத்துக்கு அதிகப் பலன் தருவது, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி போடுவதுதான். புதிய லேப்டாப்பின் விலையில் இது சிறு பங்குதான். பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், ஒரு சின்ன கேஸில் போட்டு யு.எஸ்.பி டிஸ்க்காகவும் பயன்படுத்தலாம். டாஸ்க் மேனேஜரில் மெமரி எப்போதும் நிரம்பியே இருந்தால், ரேமையும் கூட்டுங்கள். உங்கள் மாடல் அதிகபட்சம் எவ்வளவு ரேம் ஏற்கும் என்று கேட்டுவிட்டு வாங்குவது முக்கியம்.

கடையில் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். 'ஃபார்மட் செய்யப் போகிறீர்களா? என் ஃபைல்களுக்கு பேக்கப் எடுத்தாயிற்றா? போடப்போகும் விண்டோஸ் ஒரிஜினலா?' திருட்டு விண்டோஸோடு வைரஸும் சேர்ந்து வரலாம். 'உங்கள் கம்ப்யூட்டர் ஸ்லோவாக இருக்கிறது, நாங்கள் சரிசெய்கிறோம்' என்று திரையில் போன் நம்பர் தோன்றினால், கூப்பிடவே வேண்டாம். ஏமாந்து பணம் போய்விட்டால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 2011-ம் ஆண்டு லேப்டாப், விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் வராது. அப்படிப்பட்டவற்றுக்கு எடை குறைந்த லினக்ஸ் நல்ல மாற்று. பென் டிரைவில் போட்டு, லேப்டாப்பில் எதையும் மாற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் மட்டும் நிறுவலாம். பிரவுசர், தமிழ் டைப்பிங், கடிதம், கணக்கு என்று வீட்டுக்குத் தேவையானவை இலவசமாகவே கிடைக்கும். விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் உங்களுக்கு அவசியமா என்பதை மட்டும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தது. புதியவை வீட்டுக்கு வரும்போது, பழையது பரணுக்குப் போக வேண்டியதில்லை. ஸ்டார்ட்அப் பட்டியலைக் குறைத்து, ஓர் எஸ்.எஸ்.டி போட்டுவிட்டால், அக்காவின் லேப்டாப் இன்னும் சில வருடங்கள் ஓடும். காலையில் பால் பொங்கும் முன்பே திரை தயாராகிவிடும்!