உங்களுக்குத் தெரியுமா? ஒரே வசனம், இரண்டு வேதாகமம்

கிளிநொச்சியில் ஒரு கத்தோலிக்க வீட்டுத் திருவிவிலியத்தையும், பக்கத்து வளவுப் புரட்டஸ்தாந்துக்காரரின் பழைய வேதாகமத்தையும் அருகருகே வைத்து 1 யோவான் 5:7ஐ விரித்துப் பாருங்கள். பழையதில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என மூன்று பரலோக சாட்சிகள், மூவரும் ஒன்றாக. மற்றதில் அவர்களைக் காணோம். சான்றுகள் மூன்று என்பதோடு வசனம் முடிந்துவிடும்.

அச்சுப்பிழை அல்ல. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரியே கிடையாது. லத்தீன் வழியாக நுழைந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்த அறிஞர் எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் அதை விட்டார். எதிர்ப்புக் கிளம்பவே 1522இல் சேர்த்தார். ஐசக் நியூட்டன் (ஆம், புவியீர்ப்புக்காரர்தான்) இது இடைச்செருகல் என்று 1690இல் நீண்ட கடிதமே எழுதினார். அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் அது அச்சேறியது.

வேடிக்கை என்னவென்றால், வரியை விட்ட கத்தோலிக்கர்கள் திரித்துவத்தை, அதாவது மூவரும் ஒரே கடவுள் என்பதை, மறுப்பவர்கள் அல்லர். கோயிலுக்கே 'தமதிரித்துவம்' என்று பெயர் வைக்கிறவர்கள்! ஆதாரம் கேட்டால் ஞானஸ்நானக் கட்டளையான மத்தேயு 28:19ஐக் காட்டுவார்கள். மறுக்கும் யெகோவாவின் சாட்சிகளோ, 'திரித்துவம்' என்ற சொல்லே வேதத்தில் எங்கும் இல்லை என்பார்கள். அதுவும் உண்மைதான்.